என் மடியில இருந்த காக்கிப் பை

அந்த ஃபோட்டோவை ஆண்டு விழா மலர் அட்டையில போடாதீங்க. முதல்லயே சொல்லிட்டேன். பிறகு எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியாதுன்னு யாரும் பேச வேணாம்.

நேத்து நம்ம தலைவி அதைக் குரூப்புல அனுப்புனதும் எத்தனை பூவு, எத்தனை கும்பிடு! "ஏய், ஜாமெட்ரி பாக்சோட நிக்கிறது நீதானடி? பல்லைப் பாரு!" "எங்கம்மா காலத்துலயே நம்ம ஊருல கொடை வட்டம் இருந்திருக்கு, இதுதான் ஆதாரம்." "அப்ப இதையே அட்டையில போட்டுருவோம்." நான் பாத்துட்டு ஃபோனைக் கவுத்தி வச்சுட்டேன். அவ்வளவு கோவம்.

மலருக்கு ஏதாச்சும் பழைய ஞாபகம் எழுதிக் குடு, எழுதிக் குடுன்னு மூணு வாரமா உயிரை எடுத்தீங்கள்ல. இந்தா, எழுதுறேன். வெட்டாமக் கொள்ளாமப் போடுங்க. போட மனசில்லைன்னா நீங்க மட்டுமாவது உக்காந்து வாசிங்க. கொடை வட்டம்னு மாசாமாசம் காசு போட்டு உதவி பண்றதெல்லாம் இப்பத்தான், அதுக்கு முன்ன ஒண்ணா ஒரே பெஞ்சில உக்காந்து படிச்சவங்க நாம. உங்ககிட்டத்தான் நான் இப்படிக் கத்த முடியும்.

முதல்ல ஃபோட்டோவைச் சொல்லிருறேன். நடுவுல பட்டுச் சேலையோட நிக்கிறது நம்ம தலைவியோட அம்மா. எங்களுக்கு அவங்க முதலாளியம்மா. போடியில ஏலக்காய் யாவாரம் அவங்க வீட்டுக்காரருக்கு. அவங்களுக்கு இந்தப் பக்கம் ரெட்டைச் சடையோட முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிக்கிறது நான். அந்தப் பக்கம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு கவரு வாங்குறாங்களே ஒரு பொம்பளை, அவங்க யாருன்னு உங்கள்ல ஒருத்தி கேட்டாளா? ஐம்பது பேரு இருக்கிற குரூப்புல ஒருத்தி? கேக்கலை.

அவங்க ராசிங்காபுரத்து அத்தை. சொந்த அத்தை இல்ல. எங்கம்மா கூட ஒரே ஜீப்புல மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனவங்க.

அப்ப எனக்குப் பதினோரு வயசு. அப்பா செத்து ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. அம்மா விடியுமுன்ன எந்திரிச்சு சோறாக்கித் தூக்குவாளியில போட்டுக்கிட்டு ஜீப்பு ஏறப் போயிருவா. மத்த நாளு எனக்குப் பள்ளிக்கூடம். சனிக்கிழமை லீவு. வீட்டுல தனியா விட்டுட்டுப் போக அம்மாவுக்கு மனசில்ல. அதனால சனிக்கிழமை தோறும் நானும் ஜீப்பு ஏறுவேன். நீங்க எல்லாம் அன்னைக்கு எட்டாங்கல்லு ஆடிக்கிட்டு இருப்பீங்க. திங்கக்கிழமை வந்து யாரு ஜெயிச்சா, யாரு அழுகுணி ஆட்டம் ஆடுனான்னு சொல்வீங்க. எனக்கு வயிறெரியும்.

ஒரு ஜீப்புல பதினாலு பொம்பளைங்க. சாமான் மாதிரித்தான் ஏத்துவாங்க. ராசிங்காபுரத்துல நாலஞ்சு பேரை ஏத்திக்கிட்டு வந்து, போடியில மிச்ச ஆளை ஏத்தி, அடிவாரத்துல முந்தல் தாண்டி வளைவு வளைவா ஏறி, போடிமெட்டுல நின்னு, கேரளாப் பக்கம் இறங்கும். போடியில வேத்து வடியும். மெட்டுக்குப் போனதும் பல்லு கிட்டிக்கும். மழைன்னா மழை, நசநசன்னு நாளு முழுக்க ஊத்தும். ஏலச்செடி ஆளு உசரத்துக்கு மேல நிக்கும். காய் மட்டும் அடியில, மண்ணுல சரம் சரமாக் கிடக்கும். குத்துக்கால் வச்சு உக்காந்து, செடிக்குச் செடி நகந்து நகந்து எடுக்கணும். கால் விரலு இடுக்குல அட்டை ஏறி ரத்தம் குடிச்சுக் கொழுத்துக் கிடக்கும். காயோட பாலு பட்டுப் பட்டு அம்மா விரலெல்லாம் கருப்பாப் பிசுபிசுன்னு இருக்கும். ஞாயித்துக்கிழமை எண்ணெய் போட்டுத் தேய்ச்சாலும் அந்தக் கறை போகாது. சோறு ஊட்டிவிட்டா சோத்துல ஏலக்காய் வாசம் அடிக்கும். இப்ப எவளாவது பாயசத்துல ஏலக்காயைத் தட்டிப் போட்டுட்டு ஆகா, என்னா வாசம்னு சொன்னா, எனக்குப் பாயசம் இறங்காது.

சனிக்கிழமை கூலி நாளு. சாயங்காலம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை "மதி, மதி, போயிக்கோ" ன்னு, போதும் கிளம்புங்கன்னு மலையாளத்துல விரட்டுவாரு. கூலியை வாங்கி முந்தியில முடிஞ்சுக்கிட்டு எல்லாரும் ஜீப்பு ஏறுவாங்க. போடி ஜீப்பு ஸ்டாண்டுல புருசன்மாரு வரிசையா நிப்பானுங்க. பொண்டாட்டி கீழ இறங்குமுன்ன கையை நீட்டுவானுங்க. அதுக்குள்ள, அதாவது முந்தல் வர்றதுக்குள்ள, ஜீப்புல ஒரு சோலி முடிஞ்சாகணும்.

அதுக்குத்தான் அந்தக் காக்கிப் பை. எங்க ஜீப்பு டிரைவர் அண்ணே கிழிஞ்சு போச்சுன்னு தூக்கிப் போட்ட காக்கிப் பேண்டு ஒண்ணு. அதுல ஒரு காலை மட்டும் வெட்டி, அடியைத் தச்சு, எங்கம்மா பை ஆக்கியிருந்தா. ஆழமா, குறுகலா இருக்கும். உள்ள கையை விட்டா முழங்கை வரைக்கும் போகும். வெளியிருந்து ஒண்ணும் தெரியாது. "ஏத்தா, என் காலுக்குள்ள கையை விட்டு அப்படி என்னதான் தேடுறீங்க?" ன்னு அண்ணே கேட்பாரு. "உன் மூளையைத் தேடுறோம்ணே, கால்லதான இருந்துச்சு" ம்பா எங்கம்மா. ஜீப்பே குலுங்கும் சிரிப்புல.

இதுதான் முறை. முடிஞ்சவ கூலியில கொஞ்சம் போடலாம், முடை வந்தவ எடுத்துக்கலாம். பதினாலு பேரும் மூடுன கையோட உள்ள விடணும், மூடுன கையோட வெளிய எடுக்கணும். போடுறவளும் அப்படித்தான், எடுக்கிறவளும் அப்படித்தான். எவ போட்டா, எவ எடுத்தான்னு பாக்கக் கூடாது, கேக்கக் கூடாது. எண்ணிப் பாக்கவே கூடாது. ஒருத்தி கை உள்ள இருக்கிறப்ப மத்தவங்க எல்லாரும் பள்ளத்தைப் பாத்துத் திரும்பிக்குவாங்க. வீட்டுல புருசன் குறையுதேன்னு கேட்டா, டீ குடிச்சோம், அட்டைக்கடிக்கு மருந்து வாங்குனோம்னு சொல்லிக்கிறது. பை எங்க வீட்டுல இருக்கும். எங்க வீட்டுல கேள்வி கேக்க ஆம்பளை இல்லைல்ல, அதனால.

ஆனா ஒரு தப்புப் பண்ணிட்டாங்க. ஜீப்பு ஆடுற ஆட்டத்துல பையைக் கைக்குக் கை மாத்த முடியாது. கீழ விழுந்தா சில்லறை உருண்டுரும். அதனால நடுவுல அம்மா மடியில உக்காந்திருக்கிற என் மடியில பையை நிறுத்திக்குவாங்க. வாயைப் பிடிச்சுக்க வேண்டியது என் சோலி. எல்லாரும் எட்டி எட்டிக் கையை விடுவாங்க. சின்னப் புள்ளைதான, அதுக்கு என்ன தெரியும்னு விட்டுட்டாங்க.

எனக்கு எல்லாம் தெரிஞ்சுச்சு. நானும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் இருப்பேன், பாக்கவே மாட்டேன். ஆனா பையோட அடி என் தொடையிலதான் இருக்கு. போடுற கை உள்ள வந்து விரியும். எடுக்கிற கை உள்ள வந்து துழாவி, பிறகு மூடும். துணிக்கு மேல ஒவ்வொரு விரலும் எனக்குத் தெரியும். பதினாலு கையில எது யாரு கைன்னு ரெண்டே சனிக்கிழமையில எனக்குப் பாடமாயிருச்சு.

ஒருத்தி இருந்தா, பின்னாடி சீட்டுக்காரி. வாராவாரம் வெறுங்கையை உள்ள விட்டு, விரிச்சு, எதுவும் போடாம வெளிய எடுப்பா. எடுக்கவும் மாட்டா. நான் அவளை ஏமாத்துக்காரின்னு மனசுக்குள்ள வஞ்சுக்கிட்டே இருந்தேன். அவ குடுத்த கடலைமுட்டாயைக் கூட வாங்கலை. அவளுக்கு அஞ்சு புள்ளைங்க, மாமியா படுத்த படுக்கைன்னு எனக்குப் பிறகுதான் தெரியும். போட ஒண்ணும் இல்லாட்டியும் நானும் போட்டேன்னு நிமுந்து உக்காந்து வர அவளுக்கு அந்தப் பை இடம் குடுத்துச்சு. இதெல்லாம் புரிய எனக்கு நாப்பது வயசாச்சு. உங்க வட்டத்துல ஒரு மாசம் போடலைன்னா குரூப்புல பேரு வருது, பக்கத்துல சிவப்புப் புள்ளி வேற.

ராசிங்காபுரத்து அத்தை எடுக்கிறவங்க. ஒரு வாரம் தப்பாது. அவங்க கை எலும்பும் தோலுமா இருக்கும். உள்ள வந்து ஒரே தரம் மூடிட்டு வெரசாப் போயிரும். நிறைய எடுக்க மாட்டாங்க. எதுக்கு எடுக்குறாங்கன்னு எனக்குத் தெரியாது. ஜீப்புல ஒருத்திக்கும் தெரியாது. அவங்க கிழிஞ்ச சேலையைப் பாத்து, பாவம் சோத்துக்கு இல்ல போலன்னு நானா நினைச்சுக்கிட்டேன். எனக்கு அவங்களை ரொம்பப் பிடிக்கும். குளிருதுன்னா அவங்க முந்தியைத்தான் என் தலையில போத்திவிடுவாங்க. அவங்க மூத்த மக மில்லு வேலைக்குப் போயிருக்கு, மதுரைப் பக்கம், அங்கயே தங்கியிருக்குன்னு சொல்வாங்க. "உன்னைய மாதிரியே வாயாடி அவ" ம்பாங்க.

ஞாயித்துக்கிழமை அம்மா முதலாளியம்மா வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கொட்டாயில காய் பொறுக்கப் போவா. பச்சைக் காயைத் தனியா, வெடிச்சதைத் தனியாப் பிரிக்கிறது. நானும் கூடப் போவேன். முதலாளியம்மா கெட்டவங்க இல்ல. அதை நான் யாரு முன்னாடியும் சொல்வேன். மழைக்காலத்துல எங்களுக்குப் பழைய கம்பளி குடுத்தவங்க. யாவாரி வீட்டு அம்மாமாரு எட்டுப் பேரு சேந்து மாசாமாசம் போட்டுச் சேத்து, யாருக்காச்சும் உதவி பண்ணிக்கிட்டு இருந்தாங்க. நம்ம தலைவி பெருமையாச் சொல்றாளே, அது பொய் இல்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க கொட்டாய்க்கே வந்துட்டாங்க. "ஏம்மா, உங்க ஜீப்புல ஒரு பை சுத்துதாமே? டிரைவர் சொன்னான். கேட்டதும் எனக்கு அழுகையே வந்துருச்சு."

அம்மா வெக்கப்பட்டா. "சும்மா எங்களுக்குள்ளம்மா. ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைங்கிறியே! நாங்களும் அதுல சேந்துக்கிறோம். இந்த மாசம் எங்க பணம் உங்க ஆளுக்குத்தான்."

"சேருங்கம்மா. பையைக் கொண்டாறேன். எல்லாரும் ஒரு தரம் கையை விடுங்க."

முதலாளியம்மா சிரிச்சாங்க. "அதெப்படிம்மா? யாருக்குப் போகுதுன்னு தெரியாமயா போடுறது? நாளைக்கு எட்டுப் பேரும் என்னையக் கேப்பாங்கள்ல. யாருக்கு ரொம்பக் கஷ்டம்னு ஒரு பேரு சொல்லு. மேடையில வச்சு மரியாதையாக் குடுப்போம்."

"பேரு இல்லம்மா."

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சுக்கக் கூடாதும்மா."

அம்மா பொய் சொல்லலை. அவளுக்கு நிசமாவே தெரியாது. ஜீப்புல தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். முறத்துக்குப் பக்கத்துல உக்காந்து காய்க் காம்பை ஆஞ்சுக்கிட்டு, எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு உள்ளுக்குள்ள துள்ளிக்கிட்டு இருந்தேன்.

கொஞ்ச நேரத்துல அடுப்படிக்குள்ள இருந்து என்னைய மட்டும் கூப்பிட்டாங்க. பீங்கான் தட்டுல ரெண்டு ரவா லட்டு. முந்திரிப்பருப்பு வச்சது. பக்கத்துல உக்காத்தி வச்சு, தலையைத் தடவி, "நீ கெட்டிக்காரப் புள்ளையாச்சே. ஜீப்புல யாரு கண்ணு ரொம்பக் கஷ்டப்படுறது?" ன்னு கேட்டாங்க. அதுவரைக்கும் பெரியவங்க யாரும் என்னைய ஒரு விசயம் கேட்டதில்ல. லட்டுக்காகச் சொன்னேன்னு நினைக்காதீங்க. லட்டு இல்லாட்டியும் சொல்லியிருப்பேன். அத்தைக்கு நிறையப் பணம் கிடைக்கும், புதுச் சேலை கிடைக்கும்னு நினைச்சேன். "ராசிங்காபுரத்து அத்தைதான். வாராவாரம் அவங்கதான் எடுப்பாங்க" ன்னு சொல்லிட்டேன்.

வாயில லட்டு மிச்சம் இருந்துச்சு. அதை முழுங்கிட்டு, "யாருகிட்டயும் சொல்லிராதீங்க" ன்னும் சொன்னேன். "சொல்லவே மாட்டேன் கண்ணு" ன்னாங்க.

பதினஞ்சு நாள்ல ஒரு கல்யாண மண்டபத்துல விழா. ஜீப்புக்காரங்க எல்லாருக்கும் சாப்பாடு, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியனுப்பியிருந்தாங்க. சாப்பாடுன்னதும் அத்தை புருசனும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வந்து முதல் வரிசையில உக்காந்திருந்தான். எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சோப்பு டப்பா குடுத்தாங்க. பிறகு மைக்குல அத்தை பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. முழுப் பேரு, ஊரு, புருசன் பேரு எல்லாத்தையும் சேத்து. அத்தை எந்திரிக்கலை. வேற யாரையோ கூப்பிடுறாங்கன்னு நினைச்சுட்டாங்க. பக்கத்துல இருந்தவங்க தள்ளிவிட்டாங்க.

"வாரம் தவறாம கூட வேலை பாக்குறவங்ககிட்ட உதவி வாங்கி, வறுமையோட போராடுற இந்தச் சகோதரிக்கு" ன்னு ஆரம்பிச்சாங்க முதலாளியம்மா. அதுக்கு மேல எனக்குக் காதுல விழுகலை. ஏன்னா உடனே என்னையும் கூப்பிட்டுட்டாங்க. "இந்தச் செல்லக்குட்டிதான் எனக்கு அடையாளம் காட்டுச்சு" ன்னு மைக்குலயே சொல்லி, ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் குடுத்தாங்க. மூடியில ஒட்டகப் படம் போட்டது. ஃபோட்டோக்காரரு "சிரி பாப்பா" ன்னாரு. சிரிச்சேன். அத்தையைப் பாத்து "நிமுந்து பாருங்கம்மா" ன்னாரு. அவங்க நிமுரலை.

நீங்க அட்டையில போடணுங்கிறது இதைத்தான்.

மேடைப் படி இறங்குறதுக்குள்ள அத்தை புருசன் வந்து கவரை வாங்கிக்கிட்டான். கை தட்டுனாங்க அதுக்கும். எங்கம்மா கை தட்டலை. பதினாலு பேருல ஒருத்தியும் தட்டலை. எல்லாரும் என்னையப் பாத்தாங்க. நான் ஒட்டகத்தைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வேலை முடிஞ்சு வந்து, கைகூடக் கழுவாம வாசப்படியில உக்காந்தா. அத்தை அந்த வாரம் முழுக்க ஜீப்புக்கு வரலையாம். அத்தையோட பக்கத்து வீட்டுக்காரி வந்து எல்லாத்தையும் சொல்லியிருக்கா.

"அந்தப் புள்ளை மில்லுக்குப் போகலைடி" ன்னா அம்மா. "டீச்சருக்குப் படிக்குது. இலவச ஆஸ்டலு, சோறும் அங்கயே. அப்பன்காரன் விடமாட்டான்னு, மில்லுக்குப் போகுதுன்னு அவ பொய் சொல்லி அனுப்பியிருக்கா. அவன் மாசாமாசம் மக சம்பளம் எங்கன்னு கேப்பான்ல. அதுக்குத்தான் நம்ம பையில வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துச் சேத்து, இதுதான் உம்மக சம்பளம்னு அவன் கையில குடுத்திருக்கா. சனியன் அதை வாங்கிக் குடிச்சுக்கிட்டு, புள்ளை வேலை செய்யுதுன்னு சும்மா இருந்திருக்கான்."

மேடையில "வாராவாரம் உதவி வாங்குற" ன்னு மைக்குல சொன்னதும் அவனுக்கு மண்டையில உறைச்சிருக்கு. வாராவாரம் வாங்குன காசு எங்க போச்சுன்னு கேட்டு அடிச்சிருக்கான். அவங்க வாயைத் திறக்கலை. அப்ப மக சம்பளம்னு வந்தது எந்தக் காசுன்னு சந்தேகப்பட்டு மில்லுக்கே போய் விசாரிச்சிருக்கான். பிறகு அங்க இங்க கேட்டு அது படிக்கிற இடத்துக்கே போய், வகுப்புல இருந்த புள்ளையைக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். படிப்பு முடிய ஆறு மாசம்தான் பாக்கி. அடுத்த முகூர்த்தத்துல தேவாரத்துப் பக்கம் ரெண்டாந்தாரமாக் கட்டிக் குடுத்துட்டான்.

அம்மா என்னைய அடிக்கலை. அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்னு இன்னைக்கும் நினைக்கிறேன். "உனக்கு எப்படித் தெரியும்?" ன்னு மட்டும் கேட்டா. தொடையிலன்னு சொன்னேன். ரொம்ப நேரம் என் தொடையவே பாத்துக்கிட்டு இருந்தா.

ஞாயித்துக்கிழமை கொட்டாய்க்குப் போனோம். விசயம் முதலாளியம்மா காதுக்கும் போயிருந்துச்சு. மன்னிப்புக் கேப்பாங்க, காரைப் போட்டுக்கிட்டுப் போய் அந்தப் புள்ளையத் திருப்பிக் கொண்டு வருவாங்கன்னு நான் நம்பியிருந்தேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "ஐயோ, நீங்க எல்லாம் மழையில நனைஞ்சு சம்பாதிச்சதைக் கொண்டுபோயி குடிகாரன் கையிலயா குடுத்தா? உங்களையும் ஏமாத்தி, எங்களையும் ஏமாத்திட்டாளே!"

அம்மா முறத்தைக் கவுத்தி வச்சா. "அவ யாரையும் ஏமாத்தலைம்மா. அவ எடுத்தது எங்க பையில. எதுக்குன்னு நாங்களே கேக்கலை" ன்னு சொல்லிட்டு எந்திரிச்சா. எனக்கு அந்த வீட்டுல அதுதான் கடைசி நாளு. ஜாமெட்ரி பாக்சை அவங்க வீட்டுப் பின் கதவுப் படியிலயே வச்சுட்டு வரச் சொன்னா. வச்சுட்டு வந்தேன்.

ஏமாத்திட்டாளாம்! அறுபது வயசாச்சு, அந்த ஒரு வார்த்தையை நினைச்சா இன்னும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. நீங்க சொல்லுங்கடி. ஒரு தாய் தன் மக படிக்கிறதுக்கு நாளை விலைக்கு வாங்கியிருக்கா, வேற யாருகிட்ட, பெத்த அப்பன்கிட்ட இருந்து. நம்ம வட்டத்து விண்ணப்பத்துல "உதவி எதற்காக" ன்னு ஒரு கட்டம் போட்டிருக்கீங்களே, அதுல அவங்க என்னன்னு எழுதியிருப்பாங்க? எழுதியிருந்தாத்தான் குடுத்திருப்பீங்களா? தள்ளி வச்சிருப்பீங்க. நானே தள்ளி வச்சிருப்பேன்.

அத்தை மூணு வாரம் கழிச்சு ஜீப்பு ஏறுனாங்க. அடிபட்ட ஒரு பக்கக் கன்னம் மஞ்சப் பூத்துக் கிடந்துச்சு. சனிக்கிழமை மெட்டு தாண்டுனதும் அம்மா பையை எடுத்தா. பின்னாடி சீட்டுக்காரிதான், "இனிமே அந்தப் புள்ளை மடியில வேணாம்க்கா" ன்னா. அம்மாவும் சரின்னு பையை என் மடியில இருந்து தூக்கிட்டா.

"அங்கனயே வைங்க" ன்னாங்க அத்தை. வந்ததுல இருந்து அவங்க பேசுன முதல் பேச்சு அதுதான். "நம்ம கையெல்லாம் தெரிஞ்சது அது ஒண்ணுதான். மடியை மாத்தி இன்னொரு ஆளுக்கும் எதுக்குத் தெரியணும்? இனிமே அது வாயைத் திறக்காது."

பை திரும்ப என் மடிக்கு வந்துச்சு. எல்லாரும் பள்ளத்தைப் பாத்துத் திரும்புனாங்க. அத்தை கை உள்ள வந்துச்சு. துழாவலை. விரிஞ்சுச்சு. சில்லறை விழுந்துச்சு. எடுக்கிறதுக்கு இனிமே அவங்களுக்கு எந்தக் காரணமும் இல்லைல்ல. நான் மூச்சை விடப் போனேன். அப்ப அந்தக் கை, பைக்குள்ள இருந்தே, துணியோட சேத்து என் தொடையைப் பிடிச்சுக் கிள்ளுச்சு. சும்மா இல்ல, சதை பிஞ்சு வர்ற மாதிரி. பல்லைக் கடிச்சுக்கிட்டேன். யாரும் பாக்கலை. அதுதான முறை, பாக்கக் கூடாதுல்ல. மூடுன கையா வெளிய எடுத்துக்கிட்டு அவங்களும் பள்ளத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டாங்க.

அந்தத் தழும்பு ரொம்ப நாளு இருந்துச்சு. அது போயிறக் கூடாதுன்னு நான் வேண்டிக்கிட்டதுண்டு. என்னைய யாரும் வேற ஒண்ணும் சொல்லலை.

பிறகு ஆறு வருசம் கழிச்சு எனக்கு ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைச்சுச்சு. அது உங்களுக்குத் தெரியும், நீங்க எல்லாம் வந்து கை குடுத்தீங்க. சேர்றதுக்கும், துணிமணி, பெட்டி வாங்கவும் அம்மாகிட்ட இல்ல. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, நான் சொல்லலை. அந்த லீவுல நானும் காய் எடுக்கப் போய்க்கிட்டு இருந்தேன். என் விரலும் கருத்துக் கிடந்துச்சு. சனிக்கிழமை பழையபடி நடுவுல உக்காந்தேன், பழையபடி பை என் மடியில.

அத்தை முறை வந்துச்சு. தொடை தானா இறுகுச்சு எனக்கு. கை உள்ள வந்து விரிஞ்சுச்சு. என்னைக்கும் இல்லாத கனமா ஒண்ணு விழுந்துச்சு, துணியில முடிஞ்ச முடிச்சு. கிள்ளலை. கை கொஞ்ச நேரம் அங்கயே இருந்துட்டுப் போயிருச்சு.

கடைசியா அம்மா. அந்தப் பை என் மடிக்கு வந்ததுல இருந்து அவ கை உள்ள விரிஞ்சுதான் எனக்குத் தெரியும். அன்னைக்கு அது உள்ள வந்து துழாவுச்சு. அந்த முடிச்சு மேல பட்டுச்சு. மூடுச்சு.

அத்தை பள்ளத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அவங்க மகளை நான் டீச்சரான பிறகு ஒரே ஒரு தரம் பாத்தேன். மகனைச் சேக்க என் பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சு. எழுதத் தெரியாத நாலு பொம்பளைங்களுக்கு அதுவே சேர்க்கைத் தாளை வாங்கி நிரப்பிக் குடுத்துச்சு. மணி மணியா, கோடு போட்ட மாதிரி, பயிற்சிப் பள்ளியில பழக்குற அதே எழுத்து. என் எழுத்தை விட நல்லா இருந்துச்சு. என்னையத் தெரிஞ்சுக்கிட்டு, "நீ டீச்சராயிட்டியா? நல்லா இரு" ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. நான் உக்காந்திருந்த நாற்காலி அதோடது. இத்தனை வருசம் சம்பளம் வாங்குனேன், இப்ப பென்சன் வாங்குறேன், அந்த நாற்காலிக்குத்தான்.

இப்ப நம்ம விசயத்துக்கு வர்றேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஆண்டு விழான்னு போட்டிருக்கீங்க. குரங்கணிப் பக்கத்துல இருந்து ஒரு புள்ளையத் தேர்ந்தெடுத்து, நர்சிங் படிக்க உதவி குடுக்கப் போறீங்க. சந்தோசம். அதுக்கு விண்ணப்பத்துல என்னென்ன கேட்டிருக்கீங்கன்னு பாத்தேன். குடும்பச் சூழ்நிலை விவரமா எழுதணுமாம். வீட்டு முன்னாடி நின்னு ஃபோட்டோ வேணுமாம். அப்பாவையும் அம்மாவையும் மேடைக்குக் கூட்டிட்டு வரணுமாம். அந்தப் புள்ளை விண்ணப்பத்துல அப்பாங்கிற கட்டத்தை வெறுமனே விட்டிருக்கு. "நிரப்பச் சொல்லி அனுப்புங்க" ன்னு உங்கள்ல ஒருத்தி குரூப்புல போட்டிருக்கா. ஏண்டி? அது ஏன் விட்டுச்சுன்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுதான் ஆகணுமா?

நீங்க கெட்டவங்க இல்ல. முதலாளியம்மாவும் கெட்டவங்க இல்லன்னு சொன்னேன்ல, அதே மாதிரித்தான்.

நேத்து டெய்லர்கிட்டக் குடுக்காம நானே உக்காந்து தச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரரோட பழைய பேண்டு, காக்கி இல்ல, சாம்பக் கலரு. ஒரு காலை வெட்டி அடியைத் தச்சாச்சு. ஞாயித்துக்கிழமை கொண்டு வர்றேன். மேடை வேணாம், மைக்கு வேணாம், ஃபோட்டோ எடுக்கிற தம்பியை வெளிய டீ குடிக்க அனுப்பிருங்க. எல்லாரும் சுத்தி உக்காருவோம். பை என் மடியில இருக்கட்டும். எனக்கு இன்னும் எல்லாக் கையும் தெரியும், ஆனா சத்தியமா இந்தத் தரம் வாயைத் திறக்க மாட்டேன்.

அந்தப் புள்ளையையும் கூப்பிடுங்க. நம்ம கூடவே உக்காரட்டும். அதோட முறை வர்றப்ப அதுவும் எல்லாரையும் மாதிரிக் கையை உள்ள விடட்டும். அப்ப நீங்க எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க.